தட்டியின் முதுகு

ஆதிமூலத்தின் முகத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் செஞ்சியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவன் கட்டிய சுவர்களைப் பார்க்காதவர்கள் அதைவிடக் குறைவு. மூங்கில் சட்டம் அடித்து, அதன்மேல் சாக்கை இழுத்துக் கட்டி, சாக்கின்மேல் காகிதம் ஒட்டி, காகிதத்தின்மேல் வண்ணம் பூசினால் அது தட்டி. அரண்மனை வேண்டுமா, காடு வேண்டுமா, சிறைச்சாலை வேண்டுமா, இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். நாடகக் கம்பெனிகள் அவனைச் சீன்காரர் என்று கூப்பிட்டன. கைதட்டல் எல்லாம் முன்னால் நிற்கிறவனுக்குப் போகும். இவன் பின்னால் நின்று தட்டி சாயாமல் தோளால் தாங்கிக்கொண்டிருப்பான்.

அறுபத்தாறாம் வருஷம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நாற்பது நாள் கண்காட்சி போட்டார்கள். ஒட்டு நெல் விதை, பம்புசெட்டு, ஆறடி உயர எருமைக்கடா, ராட்டினம் எல்லாம் இருந்தன. எருமைக்கடாவைக்கூட ஜனங்கள் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் மைதானத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காரணம், ‘அஞ்சு மணிப் பேச்சு’.

தகரக் கொட்டகையில் ஒரு மேடை. மேடையில் ஆதிமூலம் கட்டிய டீக்கடை. கடைக்கு மாஸ்டராக சிங்காரவேலு. அவன்தான் நிகழ்ச்சிக்கும் தலைவன், எல்லோருக்கும் வாத்தியார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற அதிகப்பிரசங்கியாக பாக்கியசாமி. இரண்டு பேரும் அரைமணி நேரம் ஊர் சங்கதி பேசுவார்கள். ஒலிபெருக்கிக் குழாய் கடைத்தெரு வரைக்கும் கட்டியிருந்ததால் மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிறவனும் கேட்டுச் சிரிப்பான்.

யார் பேரையும் சொல்வதில்லை. சொன்னால் வழக்கு வரும், உதையும் வரும். அதற்குப் பதிலாக ஓர் ஆணி இருந்தது. டீக்கடைச் சுவரில், மாஸ்டரின் தலைக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் ஆதிமூலம் அடித்த ஆணி. அன்றைக்கு யாரைக் கிண்டல் செய்யப் போகிறார்களோ, அந்த ஆளை நினைவுபடுத்துகிற ஒரு பொருள் அதில் தொங்கும். அடி நசுங்கிய அரிசிப்படி தொங்கினால் ரேஷன் அரிசி அளக்கிறவர். ரப்பர் ஹாரன் தொங்கினால், கை காட்டினாலும் நிறுத்தாத டிரைவர். படுதா விலகினதும் ஜனங்களின் கண் முதலில் ஆணிக்குத்தான் போகும். அப்போதே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ஆணியைப் பார்த்தவன் கடைத்தெருவுக்குப் போய்ச் சொல்ல, ஆறு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்தப் பொருளைத் தேடிக் கொண்டுவருவது ஆதிமூலத்தின் வேலை. அதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது, அதை மறைப்பானேன். வாத்தியார் வாயால் பேசுகிறார், நான் ஆணியால் பேசுகிறேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வான்.

தட்டிக்குப் பின்பக்கம் இன்னோர் உலகம். அதே சட்டத்தில் பின்னாலும் ஓர் ஆணி. கீழ்க் கட்டையில் வரிசையாகச் சின்ன ஆணிகள். ஆட்டம் முடிந்து ஜனங்கள் போனபின் ஆதிமூலம் கொட்டகையைப் பெருக்கும்போது கிடைப்பதை எல்லாம் அங்கே மாட்டி வைப்பான். கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பான். வராதவர்களுடையது அங்கேயே கிடக்கும். ஒரு பொடி டப்பா, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி, இப்படி. பத்தொன்பதாம் நாள் ஒரு குடை கிடைத்தது. நீளமாக இருந்ததால் கீழே மாட்ட முடியவில்லை, மேல் ஆணியில் மாட்டினான். கைப்பிடி உடைந்து, அதில் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றியிருந்தது. இது நர்ஸ் மீனம்பாளுடைய குடை என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

மீனம்பாள் முறைப்படி படித்துவிட்டுத் தனியாகப் பிரசவம் பார்த்துவந்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரிலிருந்து எப்போது ஆள் வந்தாலும் அந்தக் குடையோடு பஸ் ஏறிவிடுவாள். பஸ் இல்லாவிட்டால் நடப்பாள். அன்றைக்கும் பேச்சு பாதி நடந்துகொண்டிருக்கையில் யாரோ வந்து கூப்பிட, எழுந்து ஓடிப்போனாள். குடை பெஞ்சுக்கடியில் தங்கிவிட்டது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வாள் என்று ஆதிமூலம் அதை விட்டுவிட்டான்.

மறுநாள் இருபதாம் நாள். அன்றைக்கு விஷயம் தண்ணீர் ஊசி. கடைத்தெருவில் ஒருத்தன் படிப்பில்லாமல் வைத்தியன் என்று உட்கார்ந்துகொண்டு, வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆதிமூலம் அவன் கடை வாசலில் கிடந்த காலி மருந்துச் சீசாவைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, முன் ஆணியில் தொங்கவிட்டுத் தயாராக வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டி, டீக்கடைச் சுவரின் நீல வண்ணம் கரைந்து கோடு கோடாக வழிந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழை விட்டது, ஜனமும் வந்துவிட்டது. சிங்காரவேலு கத்தினான். “யோவ் ஆதிமூலம், இன்னாய்யா சொவரு அழுவுது! ஏதாவது பண்ணுய்யா!” ஆதிமூலத்துக்கு ஒரு வழிதான் தெரிந்தது. தட்டியை அப்படியே திருப்பிவிட்டான். முதுகுப் பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, பார்வைக்குப் பழைய மண்சுவர் மாதிரி இருக்கும். கீழ்க் கட்டைச் சாமான்களை டீ மேஜை மறைத்துக்கொண்டது. பெஞ்சைத் துடைத்தான், மைக்கில் ஈரத்தை ஒற்றி எடுத்தான், ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டு தட்டியைத் தோளில் தாங்கினான். படுதா விலகியது.

சிங்காரவேலு ஆணியைப் பார்த்தான். சீசா இருக்க வேண்டிய இடத்தில் குடை இருந்தது. நாக்கு நுனியில் தொழில் வைத்திருக்கிற மனுஷன், அரை மூச்சுகூடத் தயங்கவில்லை. சீன்காரன் ஆளை மாற்றிவிட்டான், நாமும் மாற்றிக்கொள்வோம் என்று நினைத்துவிட்டான்.

“மாஸ்டர், நேத்து எனக்கு ஜொரம். ஊசி போட்டாங்க. போட்டதும் தாகம் தீந்துடுச்சி மாஸ்டர்!” என்றான் பாக்கியசாமி.

“அது சரி. அவங்க இன்னாத்துக்குக் குடை எடுத்துக்கினு ஊரு ஊரா சுத்துறாங்கன்னு நெனைச்சே? மழைக்கா? இல்லடா. மழை பேயும்போது அதைக் கவுத்துப் புடிச்சாத்தான சீசாவுல ஊத்தத் தண்ணி கெடைக்கும்!”

சிரிப்பு அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. தட்டியே அதிர்ந்தது. பின்னால் ஆதிமூலமும் சிரித்தான். குடை என்ற வார்த்தை அவன் காதில் தாமதமாகத்தான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான். அவன் மூக்குக்கு நேராக அந்த மருந்துச் சீசா கயிற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும், பாக்கியசாமியும் பக்கத்தில் இருக்க, வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிங்காரவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வுடுய்யா. நாலு நாள்ல மறந்துடுவாங்க. மேடையில நின்னு ஒரு தபா மன்னிப்பு கேட்டுட்டோம்னு வெச்சுக்க, இதுவரைக்கும் ஆணியில தொங்குனவன் அத்தினி பேரும் வந்து வரிசையில நிப்பான். அப்புறம் பேச்சு ஏது, கொட்டாய் ஏது?” என்றான்.

ஆதிமூலத்துக்கு அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்காக அவன் பிற்பாடு எவ்வளவோ வெட்கப்பட்டான். வாத்தியாரே சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று மறுநாள் தட்டியைக் காயவைத்து, நீலம் பூசி, பழையபடி நிறுத்தினான். குடை பின் ஆணிக்கே திரும்பிப் போயிற்று. தினம் தோளால் தட்டியைத் தாங்கும்போது அது அவன் கன்னத்தில் இடித்தது. அதையும் எடுத்து உள்ளே வைக்கவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் உச்சிவெயிலில் மீனம்பாள் வந்தாள். கொட்டகையில் ஆதிமூலம் மட்டும் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். அவள் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். தட்டிக்குப் பின்னால் வந்தவள் குடையைப் பார்த்தாள்.

“இங்கதான் இருக்குதா?”

“ஆமாம்மா. நீங்க அன்னிக்கு வுட்டுட்டுப் போனது.” அவன் அவசரமாக எழுந்து எடுக்கப் போனான்.

“வேணாம் சீன்காரரே, அங்கயே இருக்கட்டும். இப்ப நான் அதை எடுத்துக்கினு தெருவுல நடந்தா, தண்ணி ஊசி போட்டவ நான்தான்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆவும்.”

ஆதிமூலம் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். மேல்மலையனூர் ரோட்டில் ஒரு கிராமம். பச்சைமுத்து பெண்சாதி வள்ளியம்மாளுக்குத் தலைப்பிரசவம். எட்டு மாதமும் இவள்தான் போய்ப் பார்த்துவந்தாள். நேற்று வலி கண்டுவிட்டது என்று வேறு யாரோ சொல்லி, கூப்பிடாமலேயே போனாள். மாமியார் வாசலில் வழிமறித்துவிட்டாள். தண்ணி ஊசி எங்களுக்கு வேணாம் என்றாளாம்.

“உள்ள அந்தப் பொண்ணு கத்துறது எனக்குக் கேக்குது. கேட்டா எனக்குத் தெரியும், புள்ளை எறங்காம மாட்டிக்கினு இருக்குதுன்னு. சொல்றேன், யாரும் காதுல வாங்கல. ரெண்டு மணி நேரம் வாசல்லயே நின்னேன் சீன்காரரே. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. ஆம்பளப் புள்ளை, செத்துதான் பொறந்துச்சாம்.”

அடுப்பில் பசை தீய்ந்து வாடை வந்தது. ஆதிமூலத்துக்கு அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“அது ஆயிப்போச்சு. இப்ப தொண்டூர்ல ராயம்மாள்னு ஒரு பொண்ணு. கால் முன்னால வர்ற மாதிரி கெடக்குது. பக்கத்துல ஆள் இருந்தா ரெண்டு உசிரும் தப்பிக்கும். இல்லேன்னா ரெண்டும் போவும். அவ புருசன் அமிர்தசாமி, வூட்டுப் பக்கமே வராதேன்னுட்டான். அவன் தெனம் இங்க வந்து மொத பெஞ்சுல குந்திக்கினுதான் சிரிக்கிறான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொல்லுங்க.”

“வாத்தியார் ஒத்துக்க மாட்டாரும்மா.”

“நான் வாத்தியார்கிட்ட வரல,” என்று சொல்லிவிட்டு மீனம்பாள் வெயிலில் இறங்கி நடந்தாள்.

அன்றைக்கு ஆணியில் ஒரு பழைய விசிறி தொங்கியது. யாருக்காக என்பதுகூட இப்போது முக்கியமில்லை. படுதா விலகியது, முதல் சிரிப்பு வந்தது. ஆதிமூலம் இருபது வருஷமாகத் தட்டிக்குப் பின்னால் நின்றவன், ஒரு தடவைகூட முன்னால் போனதில்லை. தட்டிக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய், வெளிச்சத்தில் நின்றான்.

சிங்காரவேலு திடுக்கிட்டான், ஆனால் வாய் அதற்குள் வேலை செய்துவிட்டது. “டேய், இங்க பார்றா! சொவரே எறங்கி டீ குடிக்க வந்துடுச்சி!”

கொட்டகை குலுங்கியது. ஆதிமூலம் இரண்டு கையையும் கூப்பினான். அதற்கும் சிரித்தார்கள்.

“ஐயா, சிரிக்காதீங்க. அன்னிக்கு மழை பேஞ்சுது. சுவரு நனைஞ்சிட்டுது. நான்தான் தட்டியைத் திருப்பிட்டேன். குடை தானா முன்னால வந்துட்டுது…”

“குடைக்குக் காலு மொளைச்சிச்சா அண்ணே?” என்று கூட்டத்திலிருந்து ஒருத்தன் கேட்க, மறுபடியும் சிரிப்பு. ஆதிமூலம் மேலும் மேலும் பேசினான். நர்சம்மா தப்பு பண்ணவில்லை என்றான். ஒரு குழந்தை செத்துப்போயிற்று என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்து கீச்சென்று போனது, அந்தக் கீச்சுக்கும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? அந்த மேடையில் யார் வந்து எதைச் சொன்னாலும் சிரிக்க வேண்டும் என்று இருபத்தெட்டு நாள் பழக்கியது மேடைக்காரர்கள்தானே. முதலில் சிரிப்பை நிறுத்தியவன் பாக்கியசாமிதான். அவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஆதிமூலத்தின் முகத்தையே பார்த்தான்.

சீன்காரர்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. தட்டியின் முதுகை ஜனம் பார்க்கவே கூடாது. பார்த்துவிட்டால் அரண்மனை அப்புறம் அரண்மனை இல்லை, சாக்கு. ஆதிமூலத்தின் அப்பா அதற்காக அவனை அடித்திருக்கிறார்.

ஆதிமூலம் டீ மேஜையைக் காலால் ஒதுக்கினான். தட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கி, எல்லோர் கண்ணெதிரே அதைத் திருப்பி வைத்தான்.

பழுப்புக் காகிதம். மேலே ஆணியில் குடை. கீழே வரிசையாகப் பொடி டப்பா, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு மரச்சீப்பு, ஒரு ரேஷன் கார்டு. சிரிப்பு கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு நடுவிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார்.

“ஏய், அது என் பொடி டப்பாடா!”

“என் புள்ள செருப்பு,” என்றாள் ஒரு பெண்.

“கார்டு இங்கயா இருக்குது? வூட்டைத் தலைகீழாப் பொரட்டினேனே!”

“ஆமாம்,” என்றான் ஆதிமூலம். “நீங்க எல்லாம் வுட்டுட்டுப் போனது. பொடி டப்பா முன்னால வந்திருந்தா அன்னிக்கு அவரு. செருப்பு வந்திருந்தா இந்தம்மா. குடை வந்துச்சு, அதனால நர்சம்மா. அவங்க பிரசவத்துக்கு ஓடும்போது மறந்துட்டுப் போன குடை. அன்னிக்குப் பேச்சு வேற ஆளைப் பத்தினது. மாரியம்மா சத்தியமா அந்தம்மாவைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை நெனைக்கல.”

இப்போது சிரிக்க யாரும் இல்லை. கிழவர் நின்றபடியே நின்றார். பாக்கியசாமி மைக்கின் பக்கம் குனிந்து, “அவரு சொல்றது நெசம். நானும் வாயை மூடிக்கினு இருந்தேன்,” என்றான். அதற்கப்புறம் ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. கடைத்தெருவில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

முதல் பெஞ்சிலிருந்து ஒரு வாலிபன் மேடைக்கு வந்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்ப ஊசி நெச மருந்துதானா?”

“நெச மருந்துதான் தம்பி. நீ அமிர்தசாமியா?”

அவன் எட்டிக் குடையை எடுத்தான். கூட்டம் விலகி வழி விட்டது. வாசலைத் தாண்டினதும் அவன் ஓடுவது தெரிந்தது.

சிங்காரவேலு படுதாவை இழுத்து மூடினான். கோபத்தில் கத்துவான் என்று ஆதிமூலம் எதிர்பார்த்தான். அவன் கத்தவில்லை. “முதுகைக் காட்டிட்டியேய்யா. இனிமே முன்னால நாம இன்னா சொன்னாலும் இவங்க கண்ணு பின்னாலதான் போவும். நீ சாமானை எடுத்துக்கினு கெளம்பு,” என்றான். ஆதிமூலம் சுத்தியலையும் தூரிகைகளையும் பையில் போட்டுக்கொண்டான். கீழ்க் கட்டைச் சாமான்களை உடையவர்கள் ஏற்கெனவே வந்து எடுத்துப் போயிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். திண்டிவனத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தொண்டூர் பஸ் வந்து நின்றது. மீனம்பாள் இறங்கினாள். கண்ணெல்லாம் சிவந்து, புடவை கசங்கியிருந்தது. கையில் பிளாஸ்திரி சுற்றிய குடை. அவனைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

“பொண்ணு. கால்தான் முன்னால வந்துது, ராவெல்லாம் போராட்டம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

ஆதிமூலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் கையைக் கூப்பினான். “என்னை மன்னிச்சுடும்மா.”

மீனம்பாள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எனக்குக் குடை வந்துடுச்சி. வள்ளியம்மாளுக்கு இன்னா வந்துது?”

அவள் குடையை விரித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தாள். ஆதிமூலம் திண்டிவனம் பஸ்ஸைப் பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதினான். அது போனபிறகு, பக்கத்தில் நின்ற மேல்மலையனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

கிராமத்தில் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தான். கூரை வீடு. வாசலுக்குக் கதவு கிடையாது, தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். வெளியே யாரும் இல்லை. அந்தம்மா இரண்டு மணி நேரம் நின்றது இந்த இடத்தில்தான் என்று அவனுக்குப் புரிந்தது. கூப்பிட வாய் வரவில்லை. பேசாமல் திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் உள்ளே இருந்தவளுக்குக் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது.

“யாரு அது?” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பலவீனமான பெண் குரல் கேட்டது.

“என் பேரு ஆதிமூலம்மா. நீ என்னைப் பாத்திருக்க மாட்ட. அன்னிக்கு அந்தக் குடையைத் தொங்கவுட்டவன் நான்தான்.”

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு மெதுவாகத் தட்டி நகர்ந்தது. ஆதிமூலம் தலையைக் குனிந்துகொள்ளாமல் அவள் தன் முகத்தைப் பார்க்கட்டும் என்று நின்றான்.